உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும்: சிகிச்சை வளர்ந்த வரலாறு

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று, மேலுதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவுடன் பிறக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கும் இந்தியாவில், இந்தக் கணக்கின்படி முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்தக் குறையோடு வருகிறார்கள். பிளவு உதட்டின் ஓரத்தில் சிறு வெட்டாக நின்றுவிடலாம். மூக்குத் துவாரம்வரை ஏறி, ஈறைப் பிளந்து, அண்ணத்தின் வழியே உள்நாக்குவரை ஓடவும் செய்யலாம். சிலருக்கு உதடு முழுமையாக இருக்க, அண்ணம் மட்டும் பிளந்திருக்கும். மேலே மெல்லிய சவ்வு மூடியிருக்க, அடியில் தசை மட்டும் சேராமல் கிடப்பதும் உண்டு. அப்படிப்பட்ட குழந்தைக்கு உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பது ஒன்றே வெளியில் தெரியும் அடையாளமாக இருக்கக்கூடும். உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளிடமும், அண்ணம் மட்டும் பிளப்பது பெண் குழந்தைகளிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒரு பக்கப் பிளவுகளில் இடப்பக்கப் பிளவு வலப்பக்கத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது உதடுதான். குழந்தையின் வாழ்வில் அதிகச் சிக்கலை உண்டாக்குவது அண்ணம். அண்ணம் பிளந்த குழந்தையால் வாய்க்குள் உறிஞ்சு விசையை உண்டாக்க முடியாது. மார்பில் வாய்வைத்தாலும் பால் சரியாக இறங்காது, இறங்கும் பாலில் ஒரு பங்கு மூக்கு வழியே வெளியே வரும், அல்லது புரையேறும். அண்ணத்தை உயர்த்தும் தசைகளோடு சேர்ந்தே நடுக்காதின் குழலைத் திறக்கும் தசையும் இயங்குவதால், இந்தக் குழந்தைகளின் காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைகிறது. ஈறு பிளந்த இடத்தில் பல் முளைக்காமலோ கோணலாகவோ போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சு கெடுகிறது.

பேச்சு எப்படிக் கெடுகிறது என்பதைத் தமிழ் ஒலிகளைக் கொண்டே தெளிவாகக் காட்டலாம். எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல், பல், இதழ், நா ஆகியவற்றோடு மூக்கையும் அண்ணத்தையும் ஒலி பிறக்கும் உறுப்புகளாக எண்ணுகிறது. வல்லின எழுத்தை ஒலிக்கும்போது அண்ணத்தின் பின்பகுதியாகிய மெல்லண்ணம் உயர்ந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. காற்று வாய்க்குள் தேங்கி அழுத்தம் பெற்று வெடித்தால்தான் ‘ப’வும் ‘த’வும் ‘க’வும் பிறக்கும். மெல்லினத்துக்கு அந்த வழி திறந்தே இருக்கும். அண்ணம் பிளந்த குழந்தைக்கு வழி எப்போதும் திறந்திருப்பதால் மெல்லினம் வரும், வல்லினம் வராது. ‘பாப்பா’ என்று சொல்ல முயன்றால் ‘மாம்மா’ என்பதுபோல் கேட்கும். ‘தாத்தா’, ‘நான்னா’ ஆகும். வாயில் நிறுத்த முடியாத காற்றைச் சில குழந்தைகள் குரல்வளையிலேயே நிறுத்தி ஒலிக்கப் பழகிவிடுகின்றன. பழக்கம் ஊறிவிட்டால், பிற்பாடு அண்ணத்தைத் தைத்து வழியைச் சரிசெய்தாலும் பேச்சு தானாகத் திருந்துவதில்லை.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றைப் பெரும்பாலான நூல்கள் அறுவை முறைகளின் வரிசையாகவே சொல்கின்றன. ஒவ்வொரு காலத்திலும் எது வெற்றி என்று கருதப்பட்டது என்ற கேள்வியோடு படித்தால்தான் அந்த வரிசைக்குப் பொருள் கிடைக்கிறது. நீண்ட காலம் இடைவெளி மூடினாலே வெற்றி. பின்னர் முகம் எப்படித் தெரிகிறது, குழந்தை எப்படிப் பேசுகிறது, பதினெட்டு வயதில் தாடை எப்படி வளர்ந்திருக்கிறது என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

உதட்டைத் தைத்தவர்கள்

உதட்டறுவை பழமையானது. சீனாவில் ஜின் அரசமரபுக் காலத்தில், நான்காம் நூற்றாண்டின் இறுதியில், பிளந்த உதட்டோடு பிறந்த வெய் என்னும் இளைஞர் தம் பதினெட்டாம் வயதில் மருத்துவரைத் தேடிச் சென்று தைத்துக்கொண்ட செய்தி அந்நாட்டு வரலாற்று ஏட்டில் பதிவாகியுள்ளது. நூறு நாள் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், சிரிக்கவோ பேசவோ கூடாது என்பது மருத்துவரின் நிபந்தனை. வெய் இசைந்தார், குணமடைந்தார், பிற்காலத்தில் மாகாண ஆளுநராகவும் உயர்ந்தார். இந்திய மரபில் சுசுருத சம்கிதை காது மடலையும் மூக்கையும் தோல் கொண்டு சீரமைக்கும் முறையை விரித்துச் சொல்லி, உதட்டைச் சேர்ப்பதையும் அதனோடு தொட்டுச் செல்கிறது. ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் முதலாம் நூற்றாண்டில் உதட்டுக் குறைகளைச் சீராக்கும் வழியை எழுதினார். ஆனால் இவ்விருவரும் பிறவிப் பிளவைத் தனியாகப் பிரித்துப் பேசினர் என்று சொல்வதற்கில்லை.

பிறவிப் பிளவையும் அதை மூடும் முறையையும் முழுமையாக முதலில் விவரித்தவர் பிளாண்டர்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் யான் இப்பர்மான். பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் சொன்ன வழி எளிது: பிளவின் இரு ஓரங்களையும் கத்தியால் சீவிப் புண்ணாக்கி, மெழுகிட்ட நூலால் தைக்க வேண்டும், இழுவை தாங்க ஊசியைக் குறுக்கே செலுத்தி அதைச் சுற்றி நூலைக் கட்ட வேண்டும். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் பிரான்சின் அம்புருவாஸ் பாரேயும் அதே ஊசி, அதே நூல்சுற்றைத்தான் படம் வரைந்து காட்டினார். அவர் காலத்தவரான பியர் பிராங்கோ, இக்குறை சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது என்று தெளிவாக எழுதி, இருபக்கப் பிளவில் முன்னே துருத்தி நிற்கும் எலும்பை என்ன செய்வது என்பதையும் எண்ணிப் பார்த்தார்.

ஓரத்தை நேர்க்கோட்டில் சீவி இணைக்கும் இந்த முறைக்குள் ஒரு குறை இருந்தது. காயத் தழும்பு ஆறும்போது சுருங்கும். நேர்க்கோட்டுத் தழும்பு சுருங்கினால் உதடு மூக்கை நோக்கி மேலே இழுபட்டு, பிளவு இருந்த இடத்தில் மீண்டும் வெட்டு விழுந்ததுபோல் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் மால்கேன், மிரோ ஆகியோர் சீவி எறியும் ஓரத்தையே மடலாக்கி மறுபக்கத்தில் பொருத்தத் தொடங்கியபோதுதான் இந்தச் சிக்கல் நேரடியாக எதிர்கொள்ளப்பட்டது.

மூடப்படாத அண்ணம்

உதட்டுக்குக் கைவந்த தையல், அண்ணத்துக்குப் பல நூற்றாண்டுகள் வரவில்லை. இடம் ஆழமானது, இருட்டானது, உமிழ்நீரும் குருதியும் நிறைவது, தொட்டால் குமட்டுவது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் சிறு குழந்தையின் வாயை அகலத் திறந்து வைத்து அங்கே தைப்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. மேலும், பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் சிபிலிஸ் நோய் பரவியபின், அண்ணத்தில் ஓட்டை என்றாலே அந்நோயின் விளைவு என்று கருதும் வழக்கம் வலுத்தது. மருத்துவர்கள் ஓட்டையை அடைக்கும் தகட்டையே நாடினர். பாரே பொன், வெள்ளித் தகடுகளில் பஞ்சைப் பிணைத்து, ஈரத்தில் பஞ்சு உப்பி நின்று தகட்டைத் தாங்கும்படி அமைத்தார்.

மெல்லண்ணப் பிளவைத் தைத்து மூடியதை முதலில் முறையாக அறிவித்தவர் பெர்லினின் கார்ல் பெர்டினாண்ட் பான் கிரேபே, ஆண்டு 1816. பாரிஸில் பிலிபேர் ரூ தாமாகவே அதே முயற்சியில் 1819இல் வெற்றி கண்டார். அவரிடம் தைத்துக்கொண்டவர் ஒரு மருத்துவ மாணவர்: மாண்ட்ரியலில் பிறந்து, எடின்பரோவில் படித்துக்கொண்டு, பாரிஸுக்கு வந்திருந்த ஜான் ஸ்டீபன்சன். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்பட இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. விழித்த நிலையில், தாமே வாயைத் திறந்து வைத்து, ஒவ்வொரு தையலுக்கும் இடையே குமட்டல் தணியக் காத்திருந்து அவர் அந்த அறுவையைத் தாங்கினார். காயம் ஆறியதும் அவருடைய பேச்சில் உடனே வேறுபாடு தெரிந்தது. மறு ஆண்டு எடின்பரோவில் அவர் அளித்த லத்தீன் ஆய்வேடு, தமக்குச் செய்யப்பட்ட அதே அறுவையைப் பற்றியது. ஊர் திரும்பிய அவர், 1829இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலமாக மாறிய மாண்ட்ரியல் மருத்துவ நிறுவனத்தை நிறுவிய நால்வரில் ஒருவரானார். அங்கே உடற்கூறு கற்பித்தார். நோயாளியே மருத்துவ மாணவராகவும் ஆய்வேட்டாசிரியராகவும் இருந்ததால் இந்த நிகழ்வு அரிய நுணுக்கத்தோடு நமக்குக் கிடைத்திருக்கிறது.

கிரேபேயும் ரூவும் மூடியது மெல்லண்ணத்தை மட்டுமே. எலும்புப் பகுதியான வன்னண்ணத்துக்கு டீபென்பாக் என்னும் அறுவை மருத்துவர் வழி தேடினார். பற்களின் உட்புறமாக இரு பக்கமும் கீறி இழுவையைத் தளர்த்தும் யோசனை அவருடையது. 1861இல் பெர்லினின் பெர்னார்ட் பான் லாங்கன்பெக், எலும்போடு ஒட்டிய உறையையும் சேர்த்தே சவ்வைப் பெயர்த்தெடுத்து நடுவில் இணைத்தார். உறை சேர்ந்திருந்ததால் மடல் தடிமனாகவும் குருதியோட்டம் குன்றாமலும் இருந்தது. தையல் பிரிவது வெகுவாகக் குறைந்தது. இன்றும் வழக்கிலிருக்கும் அண்ண அறுவைகளுக்கு அந்த உறைமடலே அடித்தளம்.

தையல் பிரியாதிருப்பது மட்டுமே குறிக்கோளாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கும் அந்த நூற்றாண்டே சான்று தருகிறது. லண்டனின் வில்லியம் பெர்குசன் 1844இல் பிளந்த அண்ணத்தைச் சடலத்தில் அறுத்துப் பார்த்து, பிளவை இரு பக்கமும் இழுப்பது மெல்லண்ணத்தை உயர்த்தும் தசை என்று சரியாகக் கண்டார். கண்டவர் சொன்ன தீர்வு, அந்தத் தசையை வெட்டிவிடுவது. இழுவை நின்றது, தையல் நிலைத்தது. பேசுவதற்கு வேண்டிய தசை பலமிழந்தது. அமெரிக்காவின் ட்ரூமன் பிராஃபி இன்னும் கடுமையாகப் போனார். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் மேல்தாடைக்குள் கம்பிகளைச் செலுத்தி, ஈயத் தகடுகளை வைத்து முறுக்கி, இரு பாதிகளையும் நெருக்கினார். பிளவு ஒடுங்கியது. தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்த பல் முளைகளும் வளர்ச்சிப் பகுதிகளும் சிதைந்தன. ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளின் நடுமுகம் குழிந்து நின்றது. இருவரும் திறமை மிக்கவர்கள், தம் நோயாளிகளின் நலத்தை நாடியவர்கள். சில வாரங்களுக்கு அப்பால் குழந்தையைத் தொடர்ந்து பார்க்கும் அமைப்பு எதுவும் அக்காலத்தில் இல்லை.

மயக்க மருந்து இந்தச் சிகிச்சையின் வயதை மாற்றியது. 1847இல் குளோரோபாம் வந்த உடனேயே லண்டனின் ஜான் ஸ்நோ பச்சிளங் குழந்தைகளுக்கு அதை உதட்டறுவைக்காகக் கொடுக்கத் தொடங்கினார். ஆயினும் அண்ண அறுவையில் மருத்துவரும் மயக்கமருந்து தருபவரும் ஒரே வாய்க்குள் இடம் தேட வேண்டியிருந்தது. அதற்கு நிறைவான விடை 1937இல், இங்கிலாந்தின் நியூகாசிலில் கிடைத்தது. பிலிப் அயர் என்னும் மயக்கவியல் மருத்துவர், குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய குழாயோடு ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் சிறு இணைப்பைப் பொருத்தினார். வால்வு எதுவும் இல்லாததால் சின்னஞ்சிறு நெஞ்சு எதிர்ப்பின்றி மூச்சுவிட முடிந்தது. அயர் தாமே உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் கொண்டு பிறந்தவர். பேச்சுக் குறையோடு வாழ்ந்தவர்.

தசையைக் கண்டது

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இத்துறையின் போக்கை மாற்றியவர் பாரிஸின் விக்தோர் வோ. 1931இல் அண்ணப் பிளவு பற்றியும் 1938இல் உதட்டுப் பிளவு பற்றியும் அவர் வெளியிட்ட பெருநூல்கள், நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதப்பட்டவை. மூடியதும் ‘குணம்’ என்று எழுதிவிடாமல், எத்தனை பேர் இயல்பாகப் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து வெளியிட்டார். இந்தக் கட்டுரை காட்ட முயலும் திருப்பத்தை ஒருவரோடு இணைத்துச் சொல்ல வேண்டுமானால், அவர் வோதான்.

இயல்பான அண்ணத்தில் உயர்த்து தசைகள் இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் இணைந்து, மெல்லண்ணத்தின் குறுக்கே தூளிபோல் தொங்குகின்றன; சுருங்கும்போது தூளி மேலும் பின்னும் இழுபடுகிறது. பிளந்த அண்ணத்தில் அவை நடுவில் சேர இடமில்லாமல், முன்னோக்கித் திரும்பி, எலும்பின் பின்விளிம்பில் ஒட்டிக்கொள்கின்றன. சவ்வை மட்டும் தைத்தால் அண்ணம் மூடியிருக்கும், அசையாது. தசையைச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று வோ வற்புறுத்தினார். அண்ணம் நீளம் போதாமல் பின்சுவரை எட்டாமல் போவதைக் கண்ட வார்டிலும் கில்னரும் 1937இல் மடல்களைப் பின்னுக்குத் தள்ளித் தைக்கும் முறையைக் கொண்டுவந்தனர். 1960களின் இறுதியில் ஜெர்மனியின் ஓட்டோ கிரீன்ஸ் தசையை எலும்பு விளிம்பிலிருந்து முற்றாக விடுவித்துப் பின்னுக்குத் திருப்பி, தூளியை மீண்டும் உருவாக்கினார். அமெரிக்காவின் லியோனார்ட் பர்லோ 1986இல் வெளியிட்ட முறை, எதிரெதிர்த் திசையில் வெட்டிய முக்கோண மடல்களால் தசையைத் திருப்புவதையும் அண்ணத்தை நீட்டுவதையும் ஒரே அறுவையில் சாதித்தது. பிரிட்டனின் பிரையன் சாமர்லாட் நுண்ணோக்கியின் துணையோடு அந்தத் தசையை இழை இழையாகப் பிரித்து வைத்தார்.

உதட்டிலும் இதற்கு இணையான தெளிவு பிறந்தது. 1949இல் டொராண்டோவின் லெ மெசூரியே சதுர மடலாலும், 1952இல் டெக்சஸின் டென்னிசன் முக்கோண மடலாலும் உதட்டின் உயரத்தை மீட்டனர். ஆனால் அவர்களின் தழும்புகள் மூக்கின் கீழுள்ள இயற்கைப் பள்ளத்தைக் குறுக்கே கடந்தன. 1950களின் நடுவில் கொரியாவில் அமெரிக்கப் படையோடு பணியாற்றிய ரால்ப் மில்லார்ட், பிளந்த உதட்டில் அந்தப் பள்ளமும் அதன் அடியிலுள்ள வில் வளைவும் ஏற்கெனவே இருக்கின்றன, மேலே இழுபட்டுக் கோணிக் கிடக்கின்றன, அவ்வளவே என்று உணர்ந்தார். அந்தப் பகுதியைக் கீழே சுழற்றி இறக்கி, ஏற்படும் இடைவெளியில் மறுபக்க உதட்டை முன்னகர்த்திப் பொருத்தினார். தழும்பு இயற்கையான வரம்பின்மேலேயே அமைந்தது. 1955இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் அனைத்துலக பிளாஸ்டிக் சர்ஜரி மாநாட்டில் இதை அவர் எடுத்துரைத்தார். உலகில் இன்று செய்யப்படும் ஒருபக்க உதட்டறுவைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவை.

வளர்ச்சியா, பேச்சா

அறுவைகள் நுணுக்கமான பிறகும் ஒரு கவலை தீரவில்லை. குழந்தையாக இருந்தபோது அழகாகத் தைக்கப்பட்டவர்கள் பதின்வயதில் மேல்தாடை பின்வாங்கி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வந்து நின்றனர். பிளவின் இயல்பே இதுவா, அறுவை தந்த தழும்பா? சிகாகோவின் தாமஸ் கிரேபர் 1949இல் தலை எலும்பின் எக்ஸ்ரே அளவைகளைக் கொண்டு அறுவையைக் குற்றம் சாட்டினார். இந்த அச்சம் சிலரை எதிர்த்திசைக்குத் தள்ளியது. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஷ்வெக்கெண்டீக் மெல்லண்ணத்தை மட்டும் முன்கூட்டியே மூடி, வன்னண்ணத்தை ஆண்டுக்கணக்கில் தகட்டால் அடைத்து வைத்தார். 1984இல் அமெரிக்காவிலிருந்து சென்று அந்நோயாளிகளை ஆராய்ந்த பார்தாக் குழுவினர், முகவளர்ச்சி நன்று, பேச்சு மோசம் என்று அறிவித்தனர்.

இந்த வழக்கைத் தீர்க்க வேண்டிய சான்று, அறுவையே செய்துகொள்ளாமல் வளர்ந்தவர்களிடம் இருந்தது. அது பெருமளவில் கிடைத்த இடங்களுள் முதன்மையானது இலங்கை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையின் பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ், 1980களின் நடுவில் தென்னிலங்கையின் காலியை மையமாகக் கொண்டு இலங்கை மருத்துவர்களோடு இணைந்து தொடங்கிய திட்டம், அதுவரை மருத்துவம் எட்டாத இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் அறுவை செய்ததோடு, அவர்களின் தாடை வார்ப்புகளையும் எக்ஸ்ரேக்களையும் பேச்சுப் பதிவுகளையும் சேர்த்தது. 1990இல் மார்ஸும் ஹூஸ்டனும் வெளியிட்ட ஆய்வு, அறுவை செய்யப்படாத, பதின்மூன்று வயது கடந்த ஆண்களின் மேல்தாடை இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்ததைக் காட்டியது. பிளவு மட்டும் தாடையை ஒடுக்குவதில்லை. தழும்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

அதே திட்டத்தில் பேச்சு வல்லுநர் டெபி செல் கண்டது எதிர்ப்பக்கத்தை நிறுவியது. பதின்வயதிலோ அதன் பின்னரோ அண்ணம் மூடப்பட்டவர்களின் பேச்சு பெரும்பாலும் திருந்தவில்லை. வழி அடைபட்டாலும் மூளை பழகிய ஒலிகளை விடவில்லை. முகத்தைக் காப்பாற்றக் காத்திருந்தால் பேச்சு போகும். பேச்சைக் காப்பாற்ற முந்தினால் தாடை ஓரளவு குன்றும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த மருத்துவ உலகம் பேச்சின் பக்கமே சாய்ந்தது. அது சரியான முடிவு. குன்றிய தாடையைப் பதினெட்டு வயதில் அறுவையால் முன்னே கொண்டுவர முடியும். பேச்சு பழகும் பருவத்தைத் திரும்பக் கொண்டுவரும் அறுவை எதுவும் இல்லை.

எவ்வளவு முந்தலாம் என்ற கேள்விக்கு அண்மையில்தான் வலுவான விடை வந்தது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 23 மையங்களில், அண்ணம் மட்டும் பிளந்த 558 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறாம் மாதத்திலும் மறுபாதிக்குப் பன்னிரண்டாம் மாதத்திலும் அறுவை செய்தனர். ஐந்து வயதில் மூக்கு வழியை அடைக்க இயலாதவர்கள் முதற்பிரிவில் 8.9 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 15 விழுக்காடு என்று 2023இல் வெளியான முடிவு கூறியது. பயிற்சி பெற்ற மயக்கவியல் குழு இருக்கும் இடங்களுக்கே இது பொருந்தும். எடை குறைந்த, இரத்தசோகையுள்ள குழந்தைகள் மிகுந்த நாடுகளில் ஆறாம் மாத அறுவை அத்தனை எளிதன்று.

கிரகணம் முதல் மரபணு வரை

பிளவு ஏன் உண்டாகிறது என்பதற்கு மக்கள் தந்த விடைகளுள் கிரகணம் பரவலானது. கிரகணத்தின்போது கருவுற்றவள் வெளியே வந்தாலோ காய் நறுக்கினாலோ குழந்தையின் உதடு பிளக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்றும் கேட்கிறது. எந்தத் தொடர்பும் இல்லாத மெக்சிகோவில், நிலவைக் கடித்த விலங்கு கருவையும் கடிக்கும் என்று அஸ்டெக் மக்கள் நம்பினர். இவ்வகை நம்பிக்கைகள் எல்லாவற்றிலும் பழி தாயின்மேலேயே விழுகிறது. அதனால்தான் உண்மைக் காரணத்தைத் தேடிய ஆய்வுகளை மருத்துவ வளர்ச்சியாக மட்டும் கருதிவிட முடியாது.

கருவின் முகம் நான்காம் வாரத்தில் தனித்தனிப் புடைப்புகளாகத் தொடங்குகிறது. நடுவிலிருந்து இறங்கும் மூக்குப் புடைப்புகளும் பக்கங்களிலிருந்து வரும் மேல்தாடைப் புடைப்புகளும் ஏழாம் வாரத்துக்குள் இணைந்து மேலுதடாகின்றன. அண்ணத்தின் இரு தகடுகள் முதலில் நாக்கின் இரு பக்கமும் செங்குத்தாகத் தொங்கும். எட்டாம் வார அளவில் நாக்கு தாழ, அவை கிடைமட்டமாக எழுந்து, முன்னிருந்து பின்னாக ஒட்டத் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரத்தில் முடிக்கின்றன. பெண் கருவில் இது ஏறக்குறைய ஒரு வாரம் தாமதமாகிறது. அண்ணம் மட்டும் பிளப்பது பெண்களிடம் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. தாய் தான் கருவுற்றிருப்பதை உறுதிசெய்யும் நாள்களிலேயே உதடு உருவாகி முடிந்துவிடுகிறது.

டென்மார்க்கின் போல் போக்-ஆண்டர்சன் 1942இல் குடும்ப வரலாறுகளைத் தொகுத்து, உதட்டுப் பிளவும் (அண்ணப் பிளவு சேர்ந்திருந்தாலும்) அண்ணப் பிளவு மட்டும் இருப்பதும் மரபு வழியில் வெவ்வேறு குறைகள் என்று காட்டினார். ஸ்டீபன்சன் கற்பித்த அதே மெக்கிலில், 1950களின் தொடக்கத்தில் கிளார்க் பிரேசர் கருவுற்ற எலிகளுக்குக் கார்டிசோன் கொடுத்தார். ஒரு வகை எலிகளின் குட்டிகள் ஏறக்குறைய அனைத்துக்கும் அண்ணம் பிளந்தது; வேறொரு வகையில், அதே அளவு மருந்துக்கு, ஐந்தில் ஒன்றுக்கே பிளந்தது. முதல் வகையில் அண்ணத் தகடுகள் இயல்பாகவே தாமதித்து எழுபவை. மருந்து தந்த சிறு தாமதமும் சேர, இணையும் வேளை தவறியது. மரபும் சூழலும் சேர்ந்து ஓர் எல்லையைக் கடந்தால் பிளவு என்ற இன்றைய விளக்கம் இந்த எலிகளிலிருந்து தொடங்கியது. 2002இல், கீழுதட்டில் சிறு குழிகளோடு வரும் வான்டர் வூட் நோய்க்கூட்டின் காரணமாக ஐஆர்எப்6 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டது. அதன் சிறு மாறுபாடுகள் பொதுவான பிளவுகளிலும் பங்கு கொள்கின்றன. புகைபிடித்தல், சில வலிப்பு மருந்துகள், தாயின் நீரிழிவு ஆகியவை வாய்ப்பை ஓரளவு கூட்டுகின்றன. பெற்றோர் இருவரும் பிளவற்றவராக, முதல் குழந்தைக்கு உதட்டுப் பிளவு இருந்தால், அடுத்த குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து.

தனி மருத்துவரிடமிருந்து குழுவுக்கு

அமெரிக்காவின் லாங்காஸ்டரில் பல் மருத்துவர் ஹெர்பர்ட் கூப்பர் 1938இல் தொடங்கிய மருத்துவமனை, அறுவை மருத்துவர், பல் மருத்துவர், பேச்சு வல்லுநர் ஆகியோரை ஒரே குழந்தையைச் சுற்றி உட்காரவைத்தது. குழு முறையின் பயன் எண்களில் தெரிய அரை நூற்றாண்டு ஆனது. 1998இல் பிரிட்டனில் அரசு அமைத்த ஆய்வுக்குழு, 57 மையங்களில் சிதறிக் கிடந்த சிகிச்சையின் விளைவு, ஐரோப்பாவின் நல்ல மையங்களைவிடப் பின்தங்கியிருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, மையங்களை 8 முதல் 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று குழந்தைகளை மட்டும் பார்க்கும் கை தேர்ச்சி பெறாது என்பதே அதன் சாரம். குழுவாகச் செய்ய வேண்டிய சிகிச்சைகளுள் ஒன்றாக, ஈறு பிளந்த இடத்தில் இடுப்பெலும்பிலிருந்து எலும்புத்துகள் எடுத்து நிரப்பும் முறையை 1972இல் பாய்னும் சாண்ட்ஸும் அறிவித்தனர். கோரைப்பல் முளைப்பதற்குச் சற்று முன் அதைச் செய்தால் பல் அந்த எலும்பின் வழியே இறங்கிவரும் என்பதை ஆஸ்லோ குழு உறுதிசெய்தது.

இந்தியாவில் நாக்பூரின் சி. பாலகிருஷ்ணன் 1975இல் பிளவுகளுக்கு எளிய வகைப்பாடு ஒன்றைத் தந்தார். திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் 1959இல் சேர்ந்த ஹிர்ஜி அடென்வாலா, அறுபது ஆண்டுகள் அங்கேயே இருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அறுவை செய்தார். கேரளம், தமிழகக் குடும்பங்கள் அவரை நாடிச் சென்றன. 1999இல் தோன்றிய ஸ்மைல் டிரெய்ன் அமைப்பு, வெளிநாட்டு மருத்துவரை அழைத்துவரும் முகாம்களுக்கு மாற்றாக, உள்ளூர் மருத்துவமனைகளிலேயே இலவச அறுவைக்குப் பணம் தந்தது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறந்தவுடன் கண்டறிய வேண்டிய குறைகளின் பட்டியலில் பிளவையும் சேர்த்தது.

இன்று தமிழ்நாட்டு மருத்துவமனையில் பிளவோடு பிறக்கும் குழந்தைக்குத் தொடக்கம் பாலாடைதான். தாய் கறந்த பாலைப் பாலாடையில் எடுத்து, குழந்தையைத் தலை உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறுகச் சிறுக விட்டு, இடையிடையே தோளில் சாய்த்துத் தட்டி ஏப்பம் விட வைக்கிறார்கள். எடை ஏறாமல் அறுவை இல்லை. பத்து வாரம், பத்து பவுண்டு (நான்கரைக் கிலோ), ஹீமோகுளோபின் பத்து என்ற பழைய அளவுகோல் இன்னும் வழிகாட்டுகிறது. மூன்று முதல் ஆறு மாதத்தில் உதடு, ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள் அண்ணம், அதன்பின் பேச்சுப் பயிற்சியும் காது சோதனையும், எட்டு முதல் பதினொரு வயதில் ஈறுக்கு எலும்பு, பல்சீரமைப்பு, தேவையானால் பதினெட்டில் தாடையறுவை என்று சிகிச்சை நீள்கிறது.

இந்த வரிசையில் எளிதில் அறுபடும் கண்ணி பேச்சுப் பயிற்சி. அறுவை இலவசமாகக் கிடைத்தாலும், வாரந்தோறும் நகரத்துக்கு வந்து போகக் கூலிவேலைக் குடும்பத்தால் இயலாது. உதடு சரியானதும் குழந்தை குணமாகிவிட்டது என்று வீட்டார் நினைத்து நிறுத்திவிடுவதும் உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் பேச்சுத்துறை, திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் இதற்கு ஒரு வழி கண்டது. ஊரிலுள்ள சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, குழந்தை வாழும் இடத்திலேயே ‘ப’வையும் ‘க’வையும் மூக்கில் கசியவிடாமல் ஒலிக்கப் பழக்கினர், வல்லுநர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் சென்று மேற்பார்வையிட்டனர்.